ட்வார்ஃப் மந்திரம் படிக்கலாமா? பழைய விதிகளின் ரேஸ், கிளாஸ், லெவல் கட்டுப்பாடுகள்

சிங்கமலை எழுதியது:

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு டியூசன் வகுப்பறையில் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் கூடி விளையாடுகிறோம் என்பது இங்கே பலருக்குத் தெரியும். நான்தான் டி.எம்., அதாவது கதையை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர். பயன்படுத்துவது 1981இல் வந்த பேசிக் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள். ஆளுக்கொரு கேரக்டர் எடுத்து, பேசியும் டைஸ் உருட்டியும் ஆடுகிற கற்பனை விளையாட்டு. புதியவர்களுக்கு: ரேஸ் என்றால் கேரக்டரின் இனம் (மனிதர், ட்வார்ஃப் என்ற குள்ளர், எல்ஃப், ஹாஃப்லிங்), கிளாஸ் என்றால் தொழில், எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் சேரச் சேர லெவல் ஏறும். புத்தகம் சின்னது, புதிதாக வருகிறவர் அரை மணி நேரத்தில் கேரக்டர் போட்டுவிடலாம், அதனால்தான்.

உலகம் நானே எழுதியது. மலை முழுக்க சுரங்கப்பாதை. அவற்றைக் குடைவதற்காக நாலு தலைமுறைக்கு முன்னால் கடல் தாண்டிக் கூட்டிவரப்பட்டவர்கள் ட்வார்ஃப்கள். கீழே சமவெளி நகரத்தில் மனிதர்களின் மந்திரக் கல்லூரி ஒன்று இருக்கிறது.

போன போயாவுக்கு ஒரு புதுப் பிளேயர் வந்தார். டைஸ் உருட்டியதில் இன்டெலிஜென்ஸ் (அறிவு) 17, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14. “ட்வார்ஃப் வேண்டும், மந்திரமும் வேண்டும்” என்றார். இந்த விதிகளில் ட்வார்ஃப் என்பதே ஒரு கிளாஸ். சண்டை போடலாம், மந்திரம் கிடையாது, 12ஆம் லெவலோடு நின்றுவிடும். மேசையில் பாதிப் பேர் “விடுங்கண்ணே, விளையாட்டுத்தானே” என்கிறார்கள். மீதிப் பேர் “அப்படியென்றால் வாளும் மந்திரமும் இரண்டும் உள்ள எல்ஃப் எதற்கு?” என்கிறார்கள். அடுத்த போயாவுக்குள் முடிவு சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

என்ன செய்யலாம்? எந்த எடிஷன் நல்லது என்ற சண்டை மட்டும் வேண்டாம்.

பழைய டைஸ் எழுதியது:

விடாதீர்கள் தம்பி. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இந்த விளையாட்டை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் பெட்டியில் மூன்று கிளாஸ்தான்: ஃபைட்டிங்-மேன் (சண்டைக்காரர்), மேஜிக்-யூசர் (மந்திரவாதி), கிளெரிக் (பூசாரி). ட்வார்ஃப் ஃபைட்டிங்-மேன் மட்டும் ஆகலாம், அதுவும் 6ஆம் லெவல் வரை. ஹாஃப்லிங் 4 வரை. எல்ஃப் சண்டையில் 4, மந்திரத்தில் 8. அடுத்த வருடம் கிரேஹாக் இணைப்புப் புத்தகத்தில் தீஃப் (திருடர்) வந்தபோது, அந்த ஒரு கிளாஸுக்கு மட்டும் இவர்களை எல்லை இல்லாமல் விட்டார்கள். 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இது பெரிய அட்டவணையாக வளர்ந்தது. ட்வார்ஃப் ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த்தைப் பொறுத்து 7, 8 அல்லது 9. எல்ஃப் மேஜிக்-யூசருக்கு இன்டெலிஜென்ஸைப் பொறுத்து 9 முதல் 11. ஹாஃப்-ஓர்க் கிளெரிக் ஆனால் 4இல் நின்றுவிடுவார், அசாசின் ஆனால் எல்லையே இல்லை. பாலடின் (புனித வீரர்) மனிதருக்கு மட்டும். 1985இல் அன்எர்த்ட் ஆர்கானா என்ற இணைப்புப் புத்தகத்தில் எல்லைகளைக் கொஞ்சம் உயர்த்தினார்கள், எடுக்கவில்லை.

ஏன் என்றால், கைகாக்ஸ் உருவாக்கியது மனிதரை நடுவில் வைத்த உலகம். அதை அவர் ஒளிக்கவும் இல்லை. எல்ஃபுக்கு ஆயுள் நீளம், இருட்டில் கண் தெரியும், ரகசியக் கதவு எளிதாகப் பிடிபடும். எல்லையையும் எடுத்துவிட்டால் மனிதராக விளையாட யார் வருவார்? 1989இல் வந்த இரண்டாம் எடிஷனும் இதையே சொன்னது: எல்லை இல்லாவிட்டால் நீண்ட ஆயுள்காரர்கள்தான் உலகை ஆள்வார்கள்.

ட்வார்ஃபுக்குத் தனிக் காரணமும் உண்டு. அவர் உடம்பு மந்திரத்தை எதிர்க்கும். 1981 விதியில் முதல் லெவல் ட்வார்ஃபுக்கு மந்திரத்துக்கு எதிரான சேவ் (தப்பிக்க இருபது பக்க டைஸில் குறைந்தது விழ வேண்டிய எண், சிறியதே நல்லது) 12, ஃபைட்டருக்கு 16. இரண்டாம் எடிஷனில் பல மந்திரப் பொருட்கள் ட்வார்ஃப் கையில் ஐந்தில் ஒரு தடவை வேலை செய்யாமல் போகும். வெளியே இருந்து வரும் மந்திரத்தைத் தடுக்கிற உடம்பு, உள்ளே இருந்தும் அதை விடாது. இதை எடுத்துவிட்டால் ட்வார்ஃப் என்பவர் தாடி வைத்த குட்டை மனிதர், அவ்வளவுதான்.

304 சீட்டாட்டம் ஆடுகிறோம். ஜாக்குக்கு 30, கிங்குக்கு 3. ராஜா ஏன் சிறியது என்று யாராவது சீட்டைக் கீழே வைத்துவிட்டு வாதாடுகிறோமா? விதி அப்படி, ஆட்டம் அதனால் நன்றாக இருக்கிறது.

குயில்வத்தை எழுதியது:

எங்கள் சித்தப்பா வாதாடுவார். தோற்கும்போது மட்டும்.

வெலிமடை எல்ஃப் எழுதியது:

நான் மேசையில் விளையாடினது குறைவு, கம்ப்யூட்டரில்தான் அதிகம். ஆனாலும் பழைய டைஸ் அண்ணன் பக்கம் பாதி நிற்கிறேன்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004இல் வந்தபோது பாலடின் அலையன்ஸ் பக்கம் மட்டும், ஷாமன் ஹோர்ட் பக்கம் மட்டும். தூரத்தில் ஷாமன் நடுகிற ஒரு டோட்டம் தெரிந்தால் எதிரி வருகிறான் என்று ஓடலாம். 2007இல் இரண்டையும் இரண்டு பக்கத்துக்கும் கொடுத்தார்கள். 2010இல் ஹோர்ட் பக்கத்து டாரன் ரேஸிலும் பாலடின் வந்தார். 2023இல் வார்லாக் எல்லா ரேஸுக்கும் திறந்தது. ஒவ்வொரு தடவையும் வசதி கூடியது, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று வெளுத்துப் போனது. இப்போது ஒரு நகரத்துக்குள் போனால் யார் யார் என்று எனக்குத் தெரிவதில்லை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில்கூட அதைவிட லேசாக ஆளை அடையாளம் பிடிக்கலாம்.

மற்றப் பாதி: 1998 பால்டர்ஸ் கேட்டில் மனிதர் தவிர வேறு யாரும் பாலடின் ஆக முடியாது. 2023இல் வந்த மூன்றாவது பாகத்தில் எந்த ரேஸும் எந்த கிளாஸும். நான் ட்வார்ஃப் விசார்டாகத்தான் (மந்திரவாதியாகத்தான்) முடித்தேன். ஒரு இடத்திலும் இது தப்பு என்று தோன்றவில்லை. அதனால் எனக்கே என் கட்சி எது என்று சொல்லத் தெரியவில்லை.

கொழுந்துக்கூடை எழுதியது:

இரண்டு விஷயத்தை ஒரே மூட்டையில் கட்டிப் பேசுகிறோம். “இந்த வேலை உனக்கு இல்லை” என்பது ஒன்று. “வா, செய், ஆனால் இந்தப் படிக்கு மேலே வராதே” என்பது வேறு.

முதலாவதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ட்வார்ஃப் மந்திரம் போடாத உலகம் என்று டி.எம். முதலிலேயே சொன்னால் நான் உட்கார்ந்து விளையாடுவேன். அதில் ஒரு சுவை இருக்கிறது, பழைய டைஸ் அண்ணன் சொன்ன சேவ் விஷயம் எனக்கும் பிடிக்கும்.

லெவல் எல்லையைத்தான் விழுங்க முடியவில்லை. அதே வாள், அதே டிராகன், அதே எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட். மனிதர் எடுத்தால் கணக்கு ஏறுகிறது, பக்கத்தில் நின்று அதே அடி அடித்த ட்வார்ஃபுக்கு ஏறவில்லை. அவருக்குத் திறமை இல்லை என்றுகூட விதி சொல்லவில்லை. அந்த லெவல் வரை எல்லாரையும் போலத்தான் வந்தார்.

எங்கள் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினவர், பிறகு தொழிலாளரை மேற்பார்க்கிற கங்காணி. அந்த மலையில் தேயிலைச் செடியை அவரைப் போலத் தெரிந்தவர் இல்லை என்று சின்னதுரையே சொல்வாராம். கங்காணிக்கு மேலே கணக்கப்பிள்ளை, கிளாக்கர், டீமேக்கர், சின்னதுரை, பெரியதுரை என்று ஏணி இருந்தது. தாத்தா ஏறின படியோடு ஏணி முடிந்துவிட்டது. திறமை பார்த்து நிறுத்தவில்லை. இவர் எங்கே பிறந்தவர் என்று பார்த்து நிறுத்தினார்கள். 1978 அட்டவணையைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது, வேண்டுமென்று இழுத்து வரவில்லை.

304 பற்றி: கிங் சீட்டுக்குள் யாரும் போய் உட்காருவதில்லை அண்ணே. ட்வார்ஃபுக்குள் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

பழைய டைஸ் எழுதியது:

டீச்சர், உங்கள் தாத்தா கதையை மதிக்கிறேன். ஆனால் மேசையில் நடப்பதைப் பாருங்கள். 12ஆம் லெவல் வரை எந்த கேம்பெய்ன் போகிறது? பாதிப் பேர் மூன்றாம் லெவலில் செத்துப்போகிறார்கள். மீதிப் பேர் ஏ.எல். பரீட்சை, கொழும்பில் வேலை, கல்யாணம் என்று போய்விடுகிறார்கள். பால்டர்ஸ் கேட் முதல் பாகத்தில் எக்ஸ்பீரியன்ஸே 89,000 பாயிண்ட்டில் நின்றுவிடும், அட்டவணை எல்லை யாரையும் தொடாது. அது ஒரு பேப்பர் எல்லை. முதல் லெவலிலிருந்து அனுபவிக்கிற சலுகைக்குக் கடைசியில் கட்டுகிற விலை.

கொழுந்துக்கூடை எழுதியது:

யாரும் அங்கே போவதில்லை என்றால் அந்த விலையை யாரும் கட்டுவதும் இல்லை. பிறகு எப்படி அது சலுகைக்கு ஈடாகும்? பத்து லெவல் இருட்டில் பார்த்துவிட்டு, பில் வருவதற்கு முன்னால் எல்லாரும் எழுந்து போய்விடுகிறோம். அப்படியே போகிற ஒரு நல்ல கேம்பெய்ன் இருந்தாலும், மாட்டுவது வருடக்கணக்கில் விடாமல் வந்த பிளேயர்தான். சமநிலைக்கான விதி என்றால் முதல் நாளே கடிக்க வேண்டும்.

1981 விதியில் அப்படி ஒன்று இருக்கிறது, அதை நான் ரசிக்கிறேன். இரண்டாம் லெவலுக்கு ஃபைட்டருக்கு 2,000 பாயிண்ட், எல்ஃபுக்கு 4,000. வாளும் மந்திரமும் இரண்டும் வேண்டுமா, நண்பர்கள் ஏறும்போது நீ பின்னால் வா. இது நேர்மையான விலை. ஆரம்பத்திலேயே தெரியும், உழைத்தால் கட்டியும் விடலாம்.

இன்னும் ஒன்று. ட்வார்ஃப் 6ஆம் லெவலுக்கு மேல் போகாதே என்று சொன்ன அதே 1974 புத்தகம், பிளேயர் வேறு எந்தப் பிராணியாகவும் விளையாடலாம், பலவீனமாகத் தொடங்கி மேலே வந்தால் சரி என்கிறது. அதற்கு அது கொடுக்கும் உதாரணம் டிராகன்! குட்டி டிராகனாகத் தொடங்கி வளரலாமாம். டிராகன் வளரலாம், ட்வார்ஃப் வளரக்கூடாது. உலகம் உடைந்துவிடும் என்ற பயம் எங்கே போனது?

1978 புத்தகத்தில் பெண் கேரக்டருக்கும் ஸ்ட்ரெங்த் எல்லை இருந்தது. மனிதப் பெண் என்றால் 18/50க்கு மேல் கிடையாது, ஆணுக்கு 18/00 (00 என்றால் 100) வரை. 1989இல் அதை எடுத்தார்கள். எந்த உலகமும் உடையவில்லை.

ரம்பொடை எழுதியது:

மன்னிக்க வேண்டும், ஒரு விஷயம் சொல்கிறேன். எதைத் தொட்டாலும் லயம் (தோட்டத்து வரிசை வீடு), கங்காணி, துரை. பாட்டுப் போட்டியா, அதிலும் அதுதான். கிரிக்கெட்டா, அதிலும் அதுதான். நாள் முழுக்க அதிலேயேதான் இருக்கிறோம். போயா அன்றைக்கு நாலு மணி நேரம் டைஸ் உருட்டி ஒரு டிராகனை அடிக்க வருகிற இடத்திலும் நம் கஷ்டத்தைத்தான் விளையாட வேண்டுமா? ட்வார்ஃப் ட்வார்ஃபாகவே இருக்கட்டுமே.

சிங்கமலை எழுதியது:

ரம்பொடை அண்ணே, நியாயம்தான். ஆனால் கடல் தாண்டிக் கூட்டிவந்து மலையைக் குடைய வைத்தார்கள் என்று எழுதினவன் நான். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போகிற ஒவ்வொரு தடவையும் இதைத்தான் யோசிப்பேன், அப்படித்தான் அந்த உலகமே வந்தது. எழுதிவிட்டு, அதைப் பற்றி மேசையில் பேசாதே என்று எப்படிச் சொல்வது?

வெலிமடை எல்ஃப் எழுதியது:

ஒரு தகவல். இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாம் என்றுதான் அமெரிக்காவிலேயே கட்டம் கட்டமாக எடுத்தார்கள். 2000இல் மூன்றாம் எடிஷன் கிளாஸ் தடையையும் லெவல் எல்லையையும் ஒரே வெட்டாக வெட்டியது. ஃபேவர்ட் கிளாஸ் என்று ஒரு நிழல் மட்டும் மிஞ்சியது: ட்வார்ஃபுக்கு ஃபைட்டர், எல்ஃபுக்கு விசார்ட். கிளாஸ்களைக் கலக்கும்போது அதற்கு வெளியே கண்டபடி கலந்தால் எக்ஸ்பீரியன்ஸில் 20 சதவீதம் போகும். 2020இல் டாஷா என்ற பாத்திரத்தின் பெயரில் வந்த இணைப்புப் புத்தகம் ரேஸுக்குரிய போனஸை விரும்பிய இடத்தில் போடலாம் என்றது. 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ரேஸ் என்ற தலைப்பே இல்லை, ஸ்பீஷீஸ்தான். அதிலிருந்து ஸ்ட்ரெங்த், இன்டெலிஜென்ஸ் எதுவும் வராது. எல்லாம் பேக்ரவுண்டிலிருந்து, அதாவது கேரக்டரின் முந்திய வாழ்க்கையிலிருந்து. பிரச்சினை முடிந்தது, அதை வாங்குங்கள்.

கொழுந்துக்கூடை எழுதியது:

முடிந்ததா? அந்தப் பேக்ரவுண்ட் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஃபார்மர்: ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிடியூஷன், விஸ்டம். நோபிள் (பிரபு): ஸ்ட்ரெங்த், இன்டெலிஜென்ஸ், கரிஸ்மா. தோட்டக்காட்டிலிருந்து வருகிற விசார்டுக்கு இன்டெலிஜென்ஸ் போனஸ் இல்லை, பங்களாவிலிருந்து வருகிறவருக்கு உண்டு.

எந்த ரத்தம் என்று கேட்பதை விட்டுவிட்டு எந்த வீடு என்று கேட்கிறார்கள். கொஞ்சம் முன்னேற்றம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். டி.எம். நினைத்தால் புதுப் பேக்ரவுண்ட் எழுதலாம் என்று அவர்களுடைய டி.எம். கையேடே வழி காட்டுகிறது. ஆனால் அச்சில் முதலில் நிற்பது இந்தப் பட்டியல்.

வெலிமடை எல்ஃப் எழுதியது:

இதை நான் கவனிக்கவில்லை. இனி அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் தெரியும், நன்றி டீச்சர்!

இன்ட்17 எழுதியது:

வணக்கம். அந்த ட்வார்ஃப் நான்தான். அண்ணா லிங்க் அனுப்பினார், எல்லாவற்றையும் வாசித்தேன். என்னைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

“தடையை உடைத்த முதல் ட்வார்ஃப்” எனக்கு வேண்டாம். தோட்டத்திலிருந்து கெம்பஸ் போன முதல் பிள்ளை என்று எங்கள் அக்காவைப் பிடித்து ஒவ்வொரு விழாவிலும் மாலை போட்டார்கள். மேடையில் நின்று நின்று அக்காவுக்குக் கால்தான் வலித்தது. கல்லூரியில் சேரப் போராடி, கடைசியில் பெரிய மனிதர்கள் கை தட்டுகிற கதையை விளையாட நான் வரவில்லை. இதில் நான் ரம்பொடை மாமா பக்கம்.

நான் அன்றைக்குச் சொல்ல வந்தது வேறு. புத்தகத்தில் ட்வார்ஃபுக்கு ஒரு வரி இருக்கிறது: சரிந்து போகிற பாதை, கல்லில் மறைந்த பொறி, நகரும் சுவர், புதிதாகக் கட்டின இடம், இவற்றை டி6இல் (ஆறு பக்க டைஸில்) 1 அல்லது 2 விழுந்தால் கண்டுபிடிப்பார். எல்லாரும் இதை ஏதோ கொத்தனார் வேலை மாதிரி பார்க்கிறார்கள். சுவரைத் தொட்டு, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது மந்திரம் இல்லையா? கல்லூரிக்காரர் செய்தால் அதற்கு ஒரு பெயர் வைத்து ஸ்பெல் புத்தகத்தில் எழுதியிருப்பார்.

அதனால் எனக்கு மேஜிக்-யூசரின் முழுப் பட்டியல் வேண்டாம். எதிரியைத் தூங்க வைக்கிற ஸ்லீப் வேண்டாம், சார்ம் பெர்சன் வேண்டாம், மேஜிக் மிசைல் வேண்டாம். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் தாங்களே கண்டுபிடித்திருக்கக் கூடியவை மட்டும் போதும். வெளிச்சத்துக்கு லைட். கதவு பிடிக்க ஹோல்ட் போர்ட்டல். கல் சுமக்க ஃப்ளோட்டிங் டிஸ்க். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், எங்கள் அம்மாச்சி.

பழைய டைஸ் எழுதியது:

தங்கச்சி, இது நன்றாக இருக்கிறது. நான் எதிர்த்தது வேறு ஒரு ட்வார்ஃபை. இவரை உலகத்துக்குள் வைக்கலாம்.

ஆனால் நீங்கள் கேட்பதும் ஒரு கட்டுப்பாடுதான், கவனித்தீர்களா? ஸ்லீப் கிடையாது என்று நீங்களே உங்களுக்கு வேலி போட்டுக்கொள்கிறீர்கள்.

இன்ட்17 எழுதியது:

கவனித்தேன் அண்ணா. வேலி எனக்குப் பிடிக்கும். எங்கே போடுவது என்று என்னையும் கேட்டுப் போட்டால் சரி.

கொழுந்துக்கூடை எழுதியது:

அப்படியென்றால் ஒரு யோசனை. சிங்கமலைத் தம்பி, ட்வார்ஃப் கல்லூரியில் சேரக்கூடாது என்பது அப்படியே இருக்கட்டும். அதை ட்வார்ஃப் உடம்பில் வைக்காதீர்கள், கல்லூரியின் சட்டத்தில் வையுங்கள். எந்த வருடம், எந்தச் சபையில், எதற்குப் பயந்து அந்தச் சட்டத்தைப் போட்டார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது மலையகத் தமிழரான நம் ஆட்கள் ஒரே எழுத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964இல் நம் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம், மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். கடைசி மிச்சத்துக்கு 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. அத்தனை வருடமும் நாங்கள் அதே ஆட்கள்தான், கொழுந்தும் அதே கொழுந்துதான். மாறினது சட்டப் புத்தகம் மட்டும். ஒரு கட்டுப்பாடு யாரோ எழுதினது என்று தெரிந்தால், எழுதினவர் யார், என்ன லாபம், எங்கே ஓட்டை என்று பிளேயர் கேட்கலாம். இயற்கை என்று சொல்லிவிட்டால் கேட்க ஒன்றும் இல்லை.

ரம்பொடை அண்ணே, இது கடைசி, இனி லயத்தைத் தொடமாட்டேன்.

பழைய டைஸ் எழுதியது:

யோசனை சரி, ஆனால் டி.எம்.முக்கு ஒரு எச்சரிக்கை. சட்டம் என்று வைத்தால் மேசையில் ஒருவர் அதை உடைக்கப் போவார். நல்லது. ஆனால் மற்ற நாலு பேர் பொக்கிஷத்துக்காக வந்தவர்கள். ஒவ்வொரு செஷனும் கல்லூரி வாசலில் மனு கொடுப்பதில் போனால் அவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். சட்டம் பின்னணியில் இருக்கட்டும், கதவைத் தட்டுவதா வேண்டாமா என்று பிளேயர் முடிவு செய்யட்டும். தங்கச்சியோ தட்ட மாட்டேன் என்கிறார்.

என் பழைய கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை. லெவல் எல்லையை எடுத்தால் மனிதராக யார் விளையாடுவார்? மனிதருக்கு வேறு எந்தச் சலுகையும் புத்தகத்தில் இல்லை. அந்த ஒன்றுதான்.

குயில்வத்தை எழுதியது:

நான் விளையாடுவேன். உயரம் சரியாக இருக்கும்.

சிங்கமலை எழுதியது:

பழைய டைஸ் அண்ணன் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். என் உலகத்தில் மனிதர் நகர வாசலில் நிற்க வேண்டியதில்லை, அனுமதிச் சீட்டு யாரும் கேட்கமாட்டார்கள். கடையில் கடன் கிடைக்கும். வழக்கில் அவர் சாட்சி எடுபடும். கல்லூரி, கோயில், படை எல்லாவற்றிலும் நேரே போய்ச் சேரலாம். எல்ஃபுக்கு இருட்டில் கண் தெரியட்டும், ஆனால் நகரத்துக்குள் போக மனிதர் ஒருவர் கூட வர வேண்டும். போன செஷனில் ஒரு வைத்தியரைப் பார்க்க எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பாடு என்று மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

பழைய டைஸ் எழுதியது:

அது கடிக்கிற சலுகை. முதல் லெவலிலேயே கடிக்கும். எனக்குச் சம்மதம், வாயைக் கட்டிவிட்டீர்கள்.

கொழுந்துக்கூடை எழுதியது:

12ஆம் லெவல் எல்லையைவிட இது எனக்கு அதிகமாக வலிக்கும், அதனாலேயே இது சரி. டைஸ் உருட்டாமலே ஒருவருக்கு வாசல் திறப்பதைப் பார்த்துக்கொண்டு பின்னால் நிற்கிறோம், அதை விளையாடிப் பார்க்கலாம்.

ரம்பொடை எழுதியது:

லயத்தைத் தொடமாட்டேன் என்று சொன்னீர்கள் டீச்சர்.

கொழுந்துக்கூடை எழுதியது:

வாசலைத்தானே தொட்டேன்.

சிங்கமலை எழுதியது:

சரி, முடிவு. மேசையில் எல்லாருக்கும் இதுதான் ஹவுஸ் ரூல்.

லெவல் எல்லை ட்வார்ஃபுக்கும் இல்லை, எல்ஃபுக்கும் இல்லை, ஹாஃப்லிங்குக்கும் இல்லை. கல்லூரித் தடை உலகத்தில் இருக்கும், கேரக்டர் ஷீட்டில் இருக்காது. ட்வார்ஃபுக்குச் சுரங்க மந்திரம் என்று ஒரு சின்னப் பட்டியல். அதை நானும் இன்ட்17உம் சேர்ந்து எழுதுவோம், மற்ற ட்வார்ஃப் பிளேயர்களும் சேரலாம். எல்ஃபின் பட்டியலில் கை வைக்கவில்லை, எல்ஃப் பிளேயர்கள் பயப்பட வேண்டாம்.

விலைதான் பாக்கி. பழைய டைஸ் அண்ணே, கணக்கு உங்கள் துறை.

பழைய டைஸ் எழுதியது:

இரண்டாம் லெவலுக்கு ஃபைட்டர் 2,000, மேஜிக்-யூசர் 2,500. கூட்டினால் 4,500. எல்ஃபுக்கு அதை 4,000க்குக் கொடுக்கிறார்கள், பதிலுக்கு ஹிட் டைஸ் (உயிர்ப் புள்ளிக்கு உருட்டுகிற டைஸ்) எட்டுப் பக்க டி8 இல்லை, டி6. ஆக 500 தள்ளுபடி.

ட்வார்ஃப் 2,200. அதோடு 2,500 சேர்த்தால் 4,700. டி6க்கு இறங்கினால் 4,200க்குத் தரலாம். டி8தான் வேண்டும் என்றால் 4,700. சேவ் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். மந்திரம் பழகின உடம்பு மந்திரத்துக்குக் கொஞ்சம் திறந்துதான் இருக்கும், அதனால் எல்ஃபின் சேவ் எடுத்துக்கொள்ளட்டும். ஸ்பெல்லுக்கு 12 இல்லை, 15.

இன்ட்17 எழுதியது:

சேவ் கொடுக்க முடியாது அண்ணா. எங்கள் மந்திரம் கல்லிலிருந்து வருகிறது, கல்லூரியிலிருந்து இல்லை, உடம்பு ஏன் திறக்க வேண்டும்? அத்தோடு என் பட்டியலில் ஸ்லீப் இல்லை. முதல் லெவலில் மேஜிக்-யூசர் உயிர் பிழைப்பதே ஸ்லீப்பால்தான். அது இல்லாத பட்டியலுக்கு முழு 2,500 யார் கொடுப்பார்? டி8, ட்வார்ஃப் சேவ், 4,200.

பழைய டைஸ் எழுதியது:

ஸ்லீப் இல்லாததற்கு 300 குறைக்கிறேன். சேவ் அப்படியே வேண்டும் என்றால் 300 கூட்டுகிறேன். 4,700.

இன்ட்17 எழுதியது:

ஃப்ளோட்டிங் டிஸ்க்கையும் விடுகிறேன். 4,300.

குயில்வத்தை எழுதியது:

தங்கச்சி, டிஸ்க்கை விடாதே. பொக்கிஷத்தை யார் சுமப்பது?

சிங்கமலை எழுதியது:

4,500. டி8, ட்வார்ஃப் சேவ், டிஸ்க் இருக்கும், ஸ்லீப் இல்லை. இரண்டு பேரும் பேரம் பேசினது போதும். போயா வெள்ளிக்கிழமை வருகிறது, காலை ஒன்பதரைக்கு வாருங்கள். சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டதால் நல்லதண்ணிக்குப் போகிற கூட்டத்தில் பஸ் நெரிசலாக இருக்கும், நேரத்தோடு கிளம்புங்கள். யாரிடமாவது கூடுதலாக டி8 இருந்தால் கொண்டு வாருங்கள்.